வெளிநாட்டில் பாஸ்போர்ட் புதுப்பிக்க: திண்டுக்கல் வீட்டிலிருந்து சில குறிப்புகள்

பேகம்பூர், நத்தம், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை என்று நம் பக்கத்து ஊர் எதை எடுத்தாலும் தெருவுக்கு ஒருவராவது துபாயிலோ சவுதியிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டுக்கு அங்கே இருக்கும்போதே தேதி முடிந்துவிடுகிறது. தூதரகத்தில் வரிசையில் நிற்பது அவர்கள்தான். ஆனால் அங்கே கேட்கும் காகிதங்களில் பாதி, இங்கே நம் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் என் கொழுந்தனாருக்கு இரண்டு முறை இந்த வேலையை இங்கிருந்து செய்து கொடுத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை, ஊரில் இருப்பவர்களுக்கும் வெளியூரில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. முதல் வேலை, தேதியைப் பார்ப்பது. பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குச் செல்லும். அதை நம்பி பத்தாவது ஆண்டின் கடைசி மாதம் வரை இருந்துவிடக் கூடாது. பல நாடுகள் உள்ளே வருபவரின் பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன. குடியிருப்பு விசாவைப் புதுப்பிக்கும்போதும் இந்தக் கணக்கு வந்து நிற்கும். ஆகவே கையில் இருப்பது ஒன்பதரை ஆண்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி முடிய ஓர் ஆண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். முடியும் தேதிக்கு ஓர் ஆண்டு முந்தைய மாதத்தை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள். என் கொழுந்தனார் முதல் முறை 5 மாதம் இருக்கும்போதுதான் கவனித்தார். விசா புதுப்பிக்கும் நாளும் அதே மாதத்தில் வந்தது. அந்த மாதம் முழுவதும் இங்கே எங்களில் யாருக்கும் தூக்கமில்லை.

2. ‘ரினீவல்’ என்று நாம் சொல்வதற்கு விண்ணப்பத்தில் ‘ரீ இஷ்யூ’, அதாவது மறுவெளியீடு என்று பெயர். பழைய புத்தகத்தில் தேதியை நீட்டித் தருவதில்லை. புதிய எண்ணோடு புதிய புத்தகமே வரும். பழையதின் ஓரத்தை வெட்டி, ரத்து செய்த முத்திரையோடு திருப்பித் தருவார்கள். விண்ணப்பத்தில் ‘ஃபிரெஷ்’ என்ற கட்டத்தைத் தவறித் தேர்ந்தெடுத்தால் அங்கேயே சிக்கல் தொடங்கும். தேதி முடிந்தது, பக்கம் தீர்ந்தது, விவரம் மாறியது என்று காரணங்கள் தனித்தனியாக இருக்கும். உங்களுடைய காரணத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி பயணம் செய்பவர்கள் 36 பக்கத்துக்குப் பதிலாக 60 பக்கப் புத்தகம் கேட்கலாம்.

3. எந்த அலுவலகம் என்பதை, வசிக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அபுதாபியிலும் அல் ஐனிலும் இருப்பவர்களுக்கு அபுதாபித் தூதரகம். துபாய், ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா, ஃபுஜைரா பக்கம் இருப்பவர்களுக்கு துபாய்த் துணைத் தூதரகம். சவுதியில் ஜித்தா பகுதிக்குத் துணைத் தூதரகமும் ரியாத்தில் தூதரகமும் உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் காமன்வெல்த் நாடுகள் என்பதால் அங்கே இந்தியத் தூதரகத்துக்கு ‘ஹை கமிஷன்’ என்று பெயர். பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பத்தை வாங்குவது ஒப்பந்தம் எடுத்த தனியார் மையம். அந்த ஒப்பந்தம் சில ஆண்டுக்கொரு முறை கை மாறும். போன முறை போன இடத்துக்கே இந்த முறையும் போய் நிற்காமல், தூதரகத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூகுளில் தேடும்போது முதலில் வரும் தளம் தூதரகத் தளமாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அரசு மாதிரியே வேடம் போட்ட தளங்கள் பணம் வாங்கிவிடுகின்றன.

4. பெயர். இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்களுக்கு வரும் தொல்லையில் பெரும்பாதி இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் செல்லாது. விரித்து எழுத வேண்டும். சுப்பிரமணி மகன் முருகேசன், எஸ். முருகேசன் என்றுதான் பள்ளிக்கூடத்தில் இருப்பார். பாஸ்போர்ட்டில் அவர் முருகேசன் சுப்பிரமணி ஆகிறார். சிலருக்கு இரண்டு சொல்லும் ஒரே கட்டத்தில் போய், குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக நிற்கும். சிலருக்கு அப்பா பெயரே இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும்.

ஒற்றைப் பெயரால் என்ன வரும் என்பதை 2022ஆம் ஆண்டு நவம்பர் 21 காட்டியது. அன்று முதல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலா, விசிட் விசா செல்லாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தினார்கள். அங்கே குடியிருப்பு விசாவில் இருப்பவர்களுக்கு இந்த விதி இல்லை. ஆனால் அப்படி இருக்கும் ஒருவர் தன் அம்மாவை விசிட் விசாவில் அழைக்க நினைக்கும்போது, அம்மாவின் பாஸ்போர்ட்டில் இரண்டாம் பக்கத்திலும் அந்தப் பெயர்கள் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் மாட்டிக்கொள்வார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. அமெரிக்க விசாவில் முதற்பெயர் இல்லாதவர்களுக்கு ‘எஃப்.என்.யு.’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சடித்துவிடுகிறார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் இருந்தும், காகிதத்தில் அது தெரியாத பெயராகிவிடுகிறது.

என் யோசனை இதுதான். பெயரால் இதுவரை தொல்லை இல்லையென்றால், புதுப்பிக்கும்போது ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். அங்குள்ள அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வேலை ஒப்பந்தம் எல்லாம் பழைய எழுத்தில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது என்றால் மட்டும், அவசரம் இல்லாத காலத்தில், இங்குள்ள ஆதாரையும் பான் அட்டையையும் முதலில் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

5. கல்யாணமானதும் இனிஷியலை மாற்றும் வழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. பாஸ்போர்ட்டில் அது கட்டாயமில்லை. பட்டச் சான்றிதழ் அப்பா பெயரிலும் பாஸ்போர்ட் கணவர் பெயரிலும் இருந்தால், நாளைக்கு அந்தப் பெண் அங்கே வேலைக்குப் போகும்போது தடுக்கும். பெயரை அப்படியே விட்டுவிட்டு, கணவர் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் சேர்த்தால் போதும். அதற்குத் திருமணப் பதிவுச் சான்று கையில் இருப்பது நல்லது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இல் வந்தது. கோயிலில் நடந்தாலும் பள்ளிவாசலில் நடந்தாலும் சர்ச்சில் நடந்தாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். மாப்பிள்ளை பத்து நாள் லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் பறந்துவிடுகிறார். பதிவு அடுத்த லீவுக்குத் தள்ளிப்போகிறது. அந்தப் பத்து நாளில் விருந்து ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது பதிவை முடித்துவிடுங்கள்.

6. பிறந்த ஊர், மாவட்டம். 1985 செப்டம்பர் 15 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் சான்றில் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும். பிரிந்த பிறகும் சில ஆண்டுகள் காயிதே மில்லத், அண்ணா என்று தலைவர்கள் பெயரால் மாவட்டம் அழைக்கப்பட்டது. 1997இல்தான் தலைவர் பெயர்கள் நீங்கி ஊர்ப் பெயர் மட்டும் நின்றது. திண்டுக்கல் நகராட்சி 2014இல் மாநகராட்சியானது. ஆக ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஒரு மாவட்டம், அப்பாவுக்கு ஒரு மாவட்டம், பேரனுக்கு ஒரு மாவட்டம் என்று இருந்தால் பதற வேண்டாம், யாரும் தப்பாக எழுதிவிடவில்லை. பழைய பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

ஆங்கில எழுத்துக்கும் இதே பேச்சுதான். வத்தலக்குண்டை ‘பட்லகுண்டு’ என்று எழுதிய சான்றுகள் உண்டு. 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசு ஆணை வெளியானது; சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதை நினைவில் வைத்துப் புதிய எழுத்தில் நிரப்பாதீர்கள்.

7. பாஸ்போர்ட் எங்கே வழங்கப்பட்டது என்றும் கேட்பார்கள். நம் மாவட்டம் இப்போது மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. அது 2007இல் வந்தது. அதற்கு முன் எடுத்தவர்களின் பழைய புத்தகத்தில் திருச்சி என்று இருக்கும். புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும். மனதில் இருப்பதை எழுதக் கூடாது. கடைசிப் பக்கத்தில் இருக்கும் கோப்பு எண்ணையும் சேர்த்தே படமெடுத்து வையுங்கள்.

8. வீட்டில் ஒரு கோப்பு. “மதினி, டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்க, என் பத்தாவது மார்க் ஷீட் இருக்கும்” என்று கொழுந்தனார் இரவு பத்து மணிக்குப் போனில் கேட்டார். பெட்டியில் கல்யாணப் பத்திரிகை, பழைய எல்.ஐ.சி. ரசீது, பட்டா எல்லாம் இருந்தன. மார்க் ஷீட் மட்டும் மூன்றாம் நாள் மாமியாரின் சேலை மடிப்பில் கிடைத்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு என்று வைத்துவிட்டேன். அதில் இருப்பவை: பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, பத்தாவது மதிப்பெண் சான்று, திருமணப் பதிவுச் சான்று, ஆதார் நகல், ரத்தான பழைய பாஸ்போர்ட்டுகள், இப்போதைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் கடைசிப் பக்கம், விசாப் பக்கம்.

இரண்டு எச்சரிக்கை. சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் முத்திரை குத்தவும் சான்றொப்பம் வாங்கவும் முடியாமல் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ‘டாகுமெண்ட்’ என்று அனுப்புங்கள். படமாகப் போனால் எழுத்து மங்கிவிடும். அங்கே கவுன்டரில் திருப்பிவிடுவார்கள்.

9. விண்ணப்பத்தில் எந்த இந்திய முகவரி கொடுக்கிறோம் என்பதை வீட்டுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சில விண்ணப்பங்களுக்கு இங்கே காவல்துறை விசாரணை வரும். பழைய வாடகை வீட்டின் முகவரி கொடுத்திருந்தால், அந்த வீட்டில் இப்போது இருப்பவர் “அப்படி யாரும் இல்லையே” என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ஒரு பதிலில் அங்கே மாதக்கணக்கில் தள்ளிப்போகும். வீட்டுக் கதவு எண் பழையது, புதியது என்று இரண்டு இருந்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். விசாரணைக்கு வருபவரிடம் காட்ட பாஸ்போர்ட் நகலும் ஆதாரும் தயாராக இருக்கட்டும். இதற்குப் பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

10. ஊரில் வழக்கு ஏதும் நடக்கிறதா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். திருவிழாச் சண்டை, வரப்புத் தகராறு என்று சின்னதாகத் தோன்றும் வழக்காக இருந்தாலும், குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி மறுக்க இடமுண்டு. அதற்கு வழியும் இருக்கிறது. அந்த நீதிமன்றத்திலேயே அனுமதி ஆணை வாங்கினால் பாஸ்போர்ட் தரலாம் என்று 1993இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. இங்கே ஒரு வக்கீலைப் பார்த்து ஆணையை வாங்கி அனுப்பிவைப்பது நேர்வழி. ‘இல்லை’ என்று டிக் அடிப்பது, பின்னால் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டையும் இழக்க வைக்கும்.

11. ஈ.சி.ஆர். முத்திரை. பத்தாவது முடிக்காமல் தோல் ஷாப்பிலிருந்தும் பூட்டுப் பட்டறையிலிருந்தும் கிளம்பிப் போனவர்களின் பாஸ்போர்ட்டில் இந்த முத்திரை இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, இவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை. புதுப்பிக்கும் நேரம்தான் இதை நீக்கக் கேட்க நல்ல நேரம். தனித்தேர்வு எழுதிப் பத்தாவது பாஸ் செய்திருந்தால் அந்தச் சான்று போதும். அது இல்லாவிட்டாலும், விட்டு விட்டாவது வெளிநாட்டில் 3 ஆண்டுக்கு மேல் இருந்தவர், 50 வயது கடந்தவர், வருமான வரி கட்டுபவர் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. இருபது ஆண்டு சவுதியில் உழைத்துவிட்டு இன்னும் அந்த முத்திரையோடு வந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் கிடைக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

12. போட்டோவை இங்கிருந்து எடுத்து அனுப்ப வேண்டாம். 2025 செப்டம்பர் முதல் தூதரகங்கள் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுப்படி கேட்கின்றன. வெள்ளைப் பின்னணி, படத்தில் 80 முதல் 85 விழுக்காடு முகம், கண்ணாடி இல்லாமல் நேராகப் பார்ப்பது என்பவை முக்கியம். வெள்ளைச் சட்டை பின்னணியோடு கலந்துவிடும். அடர் நிறம் போடுங்கள். தலையை மூடுபவர்கள் தாடையிலிருந்து நெற்றி வரை முகம் தெரியும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். அழகுக்காக முகத்தை வெளுப்பாக்கிய படம் நிராகரிக்கப்படும்.

13. கைரேகை வைக்கும் குழந்தைகளில் பையனுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது பெருவிரல். கட்டத்துக்கு வெளியே மை படக் கூடாது.

14. குழந்தைகளுக்கு பாஸ்போர்ட் 5 ஆண்டுதான். அப்பாவின் தேதியை மட்டும் பார்த்துவிட்டு குழந்தையுடையதை மறந்த குடும்பங்கள், விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்திருக்கின்றன. பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். ஒருவர் அங்கும் ஒருவர் திண்டுக்கல்லிலும் இருந்தால், உறுதிமொழிப் படிவத்துக்கு முன்கூட்டியே நாள் ஒதுக்குங்கள். அங்கேயே பிறக்கும் குழந்தைக்கு இன்னொன்றும் உண்டு: பிறந்த ஓர் ஆண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அந்த நாட்டு மருத்துவமனைச் சான்று மட்டும் போதாது. ஓர் ஆண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதிக்குப் போக வேண்டியிருக்கும்.

15. பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கிறதா? வளைகுடா நாடுகள் பலவற்றில் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ‘புதுப்பிக்க வேண்டும்’ என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவுக்குப் போகலாம். வீட்டில் இருப்பவர்கள் இங்கிருந்தே வெளியுறவுத் துறையின் ‘மதத்’ தளத்தில் புகார் பதியலாம். அது 2015 முதல் இயங்குகிறது. 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமூக நல நிதி என்று ஒன்று ஒவ்வொரு தூதரகத்திலும் உண்டு. கையில் காசில்லாமல் சிக்கியவருக்கு உதவுவதற்கென்றே அது இருக்கிறது. தூதரகச் சேவைகளுக்கு நம்மவர்கள் கட்டும் சிறு தொகையில் சேர்ந்த நிதி அது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

16. தொலைந்துவிட்டால் முதலில் அந்த நாட்டுப் போலீஸில் புகார், அந்தக் காகிதத்தோடு தூதரகம். எட்டாம் குறிப்பில் சொன்ன நகல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவசரமாக ஊர் திரும்ப வேண்டுமென்றால் ‘எமர்ஜென்சி சர்டிஃபிகேட்’ தருவார்கள். அது ஊர் வந்து சேர மட்டும். திரும்பிப் போக உதவாது. வந்த பின் மதுரையில் புதிதாக எடுக்க வேண்டும்.

17. லீவில் வரும்போது மதுரையில் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம். இங்கே 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். அங்கே கட்டுவதைவிடக் குறைவு. ஆனால் 30 நாள் லீவில் வருபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஒரு கையெழுத்து, ஒரு விசாரணை தள்ளிப்போனால் திரும்பும் டிக்கெட் போகும், வேலையும் போகும். இரண்டு மூன்று மாதம் தங்குபவர் மட்டும் யோசிக்கலாம். மற்றவர்கள் இருக்கும் நாட்டிலேயே முடித்துவிட்டு நிம்மதியாக ஊருக்கு வாருங்கள்.

18. புதிய புத்தகம் வந்ததும் எண் மாறியிருக்கும். குடியிருப்பு அட்டை, கம்பெனி, வங்கி, முன்பதிவு செய்த விமான டிக்கெட், இங்கே திண்டுக்கல்லில் இருக்கும் என்.ஆர்.ஈ. கணக்கு எல்லாவற்றிலும் மாற்றுங்கள். பழைய புத்தகத்தில் செல்லுபடியாகும் விசா இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டு போக வேண்டும். இப்போது வருவது சிப் பதித்த இ-பாஸ்போர்ட். முன் அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சிறு குறி இருக்கும். அதை மடக்கவோ ஸ்டேப்ளர் அடிக்கவோ கூடாது. சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிடுவது நம் வழக்கம், தாராளமாகச் செய்யுங்கள். சந்தனம் குங்குமத்தை மட்டும் புத்தகத்தின் மேல் வைக்காமல், வைத்திருக்கும் கவரில் வையுங்கள்.

19. கடைசியாக ஒன்று. மகன் வெளிநாட்டில், மருமகள் அவனோடு, தாத்தா பாட்டி மட்டும் ஊரில் என்று எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அவர்களிடம் பாஸ்போர்ட் நகல் இருக்கும். அதில் இருக்கும் ஆங்கிலத் தேதியைப் படிக்கத் தெரியாது. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், ஒரு மாலைப்பொழுதில் போய் அந்த நகலை வாங்கிப் படித்து, எந்த மாதம் முடிகிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.